லாரி ஹெலெத்தின் அடிக்குரல்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் பெயரோடு பண்ணையோ தொழிலோ ஒட்டிக்கொள்ளும். நான் ஆர்கன் டெக்வென். லான்வெலின் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவள். ஆண்டில் ஒரே ஒரு ஆராதனைக்கு மட்டும் ஆர்கனைப் பூட்டிவிட்டு, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். அதுதான் ஜனவரி மாதத்து பிளகைன். அன்றைக்கு எந்த வாத்தியமும் கிடையாது. பண்ணை வீடுகளிலிருந்து மூன்று பேர், நான்கு பேர் என்று சிறு குழுக்களாக வந்து, பழைய கேரல் பாட்டுகளைத் தொண்டையை மட்டும் நம்பிப் பாடுவார்கள். அந்த பிளகைனில் நின்று பாடிய லாரி ஹெலெத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹெலெத்தும் நானும் ஒரே வகுப்பு. பிரின்கிளாஸ் பண்ணை மைரிக்கின் மகள் அவள். பதின்மூன்று வயதில் மற்ற பெண்களுக்கெல்லாம் குரல் குயில்போல மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் கீழே இறங்கியது. இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. தொலைபேசியை எடுத்து ஹலோ என்றால், கூப்பிட்டவர்கள் "மைரிக், அந்த ரெண்டு கிடாயையும் குடுக்கறதா உத்தேசமா?" என்று நேராக வியாபாரத்தில் இறங்கிவிடுவார்கள். அவளும் திருத்துவதில்லை. ஒருமுறை அப்பா வயலில் இருந்தபோது இரண்டு கிடாய்களையும் நல்ல விலைக்கு அவளே பேசி முடித்துவிட்டாள். வாங்க வந்தவர், பேசியது பள்ளிச் சீருடை போட்ட பெண் என்று தெரிந்து வாசலிலேயே திகைத்து நின்றார்.

பள்ளிப் பாட்டுக் குழுவில் அந்தக் குரலுக்கு மரியாதை இல்லை. மாவட்டப் போட்டிக்கு எங்களைத் தயார் செய்த ஆசிரியை, "ஹெலெத், நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்றார்.

"பரிசு கெடச்சா வாயை மட்டும் அசச்சு சிரிக்கணுமா, டீச்சர்?" என்று கேட்டாள் ஹெலெத்.

அன்றைக்கு மதியம் முழுவதும் அவள் வகுப்புக்கு வெளியே நின்றாள். போட்டியன்று வரவே இல்லை. ஆடுகள் குட்டி போடுகின்றன என்று சாக்குச் சொல்லிவிட்டாள். அது அக்டோபர் மாதம். எங்கள் ஊரில் அக்டோபரில் எந்த ஆடும் குட்டி போடாது.

பள்ளி முடிந்ததும் சந்தை ஊரில் ஆட்டு லாரி வைத்திருந்த ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் கழுவுகிற வேலை, பிறகு ஓட்டுகிற வேலை. அவர் ஓய்வு பெற்றபோது லாரியை அவளே வாங்கிக்கொண்டாள். இரண்டு அடுக்கு வைத்த பழைய லாரி. "பொம்பள ஓட்டுற லாரியில என் ஆடு ஏறாது" என்று ஒரு பெரியவர் சந்தையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஆட்டைக் கேட்டீங்களா?" என்றாள் ஹெலெத். அவருடைய ஆடுகள் சரிவுப் பலகையில் வரிசையாக ஏறிப் போயின. மற்ற லாரிக்காரர்கள் தடியும் நாயும் வைத்து ஏற்றுவார்கள். அவள் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவாள். ஆடுகளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் முணுமுணுத்தது கேரல் பாட்டின் அடிக்குரல் வரிகள். அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

பிரின்கிளாஸ் வீட்டுக் குழு எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றது. மைரிக்கின் தாத்தா காலத்திலிருந்து ஒரு ஜனவரிகூட அந்த வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்ததில்லை. மைரிக் மேல்குரல், அவர் தம்பி கொரோன்வி நடுக்குரல், மைரிக்கின் மகன் யெஸ்டின் அடிக்குரல். யெஸ்டின் ஹெலெத்துக்கு அண்ணன். மார்கழிக் குளிரில் மூன்று ஆண்களும் சமையலறை அடுப்பைச் சுற்றி நின்று பாடிப் பழகுவார்கள். ஹெலெத் அந்த மூலையில் பூட்ஸ் துடைத்துக்கொண்டோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டோ இருப்பாள். வீட்டில் யாரும் அவளைப் பாடாதே என்று சொன்னதில்லை. பாடு என்றும் சொன்னதில்லை.

நாங்கள் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. இலையுதிர் காலத்தில் யெஸ்டின், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் குழுவோடு நியூசிலாந்துக்குப் போனான். ஒரு பருவம் வேலை செய்துவிட்டுத் திரும்புவதாகத்தான் போனான். போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடிதம் வந்தது: கல்யாணம், அங்கேயே தங்குகிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஹெலெத்தின் அம்மா லூனெட் அத்தை அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னார். அன்று சமையலறையில் யாரும் யெஸ்டினின் மனைவியைப் பற்றிப் பேசவில்லையாம். அடிக்குரலைப் பற்றித்தான் பேச்சு.

"கெவன் பண்ணைக்காரங்ககிட்ட ஒரு ஆளைக் கேப்போம். எலிஸ்டனுக்குத்தான் மூணு தம்பிங்க இருக்காங்களே" என்றாராம் கொரோன்வி.

"கெவன்காரன்கிட்ட டிராக்டர் கேப்பேன். குரல் கேக்க மாட்டேன்" என்றாராம் மைரிக்.

"அப்ப இந்த வருஷம் உக்காந்துதான் இருக்கணும்."

"நான் பாடறேன்" என்றாள் ஹெலெத், கையில் கத்தியும் கிழங்குமாக.

கொரோன்வி சிரித்தார். "புள்ள, நாங்க தேடறது அடிக்குரல்."

"தெரியும் சித்தப்பா. அதனாலதான் சொல்றேன்."

 மைரிக் சட்டைப்பையிலிருந்து சுருதிக் கவையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி, அதைக் காதில் வைத்துக் கேட்டு, சுருதி கொடுத்தார். ஹெலெத் ஆரம்பித்தாள். முதல் சரணம் முடியும்போது கொரோன்வி தன்னையறியாமல் நடுக்குரலில் சேர்ந்துவிட்டார். எல்லாச் சரணங்களையும் ஒரு சொல் தப்பாமல் பாடி முடித்தாள். "எப்ப படிச்ச?" என்று அப்பா கேட்டதற்கு, "லாரியில ரேடியோ வேலை செய்யாதுப்பா" என்றாளாம். அவ்வளவுதான். லூனெட் அத்தை இதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அவர் சந்தோஷத்துக்கும் அழுவார், வெங்காயத்துக்கும் அழுவார், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே பரபரப்பாக இருந்தது.

செய்தி சந்தையில் பரவியது. பெண்கள் பிளகைனில் பாடுவது புதிதல்ல. டிலிஸ் அக்காவும் அவருடைய இரண்டு மகள்களும் வெகு காலமாகப் பாடி வந்தார்கள். ஆனால் ஆண்கள் குழுவில் ஒரு பெண், அதுவும் அடிக்குரலில் என்பது யாரும் கேள்விப்படாதது. கெவன் பண்ணையின் நான்கு சகோதரர்களில் மூத்தவர் எலிஸ்டன் கேலி செய்வதில் கெட்டிக்காரர்.

"ஹெலெத், இந்த வருஷம் பிரின்கிளாஸ் சார்பா பாடப்போறது யாரு? உன் லாரி ஹாரனா?"

"ஹாரன் சுருதி சரியாத்தான் இருக்குண்ணே. உங்க கடைசித் தம்பிக்குத்தான் கொஞ்சம் எண்ணெய் போடணும்."

சந்தையே சிரித்தது. எலிஸ்டனும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

ஹெலெத் வெளியே அப்படிப் பேசினாலும் வீட்டில் கவனமாக இருந்தாள். மைரிக்கும்தான். முதல் ஆண்டு என்பதால் எளிமையான இரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வீட்டுக்கே உரிய பெரிய பாட்டு ஒன்று உண்டு. அதில் அடிக்குரல் தனியாக ஆரம்பித்து ஒரு வரி முழுக்கப் பாடிய பிறகுதான் மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக நுழைவார்கள். அதை இந்த ஆண்டு தொடவேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். கொரோன்விதான் இதில் பிடிவாதமாக இருந்தார்.

பிளகைன் ஞாயிறு வந்தபோது பனி கொட்டித் தள்ளியது. வேலிகள் மறைந்துவிட்டன. தேவாலயம் மேட்டின் மேல் இருக்கிறது, அன்று காலையே ஒரு காரால்கூட ஏறமுடியவில்லை. மதியம் வீட்டுக்கு வீடு தொலைபேசி அடித்தது. என் வீட்டிலும் அடித்தது. ஆண்குரல்.

"டெக்வென், சாயந்தரம் ரெடியா இரு. ரோட்டு கேட்டுக்கு வந்து நில்லு. லாரிக்குச் சங்கிலி போட்டாச்சு. புது வைக்கோல்தான் பரப்பியிருக்கேன், ஆனா கோட்டுல ஒட்டும். பரவாயில்லன்னா வா."

ஆடு ஏறும் சரிவுப் பலகையில் நான் ஏறியபோது மேலடுக்கைக் கழற்றிய கூண்டுக்குள் ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிலிஸ் அக்காவுக்கு மட்டும் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இடம். கெவன் பண்ணை வாசலில் நான்கு சகோதரர்களும் கறுப்புக் கோட்டும் டையுமாக, பூட்ஸ் மேல் கோணிப்பை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எலிஸ்டன் பலகையில் கால் வைத்து மூக்கைச் சுருக்கினார். "நாத்தம் அடிக்குதே, புள்ள."

"நேத்து ஏறுனதுங்க ஒண்ணும் குறை சொல்லலண்ணே."

நான்கு பேரும் ஏறினார்கள். லாரி நகர்ந்தது. இருட்டில் யாரோ கம்மிய குரலில் "மே" என்று கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேட்டுப் பாதையின் பாதியில் சிரிப்பு நின்றது. லாரி ஓரமாக வழுக்கிக் கொஞ்சம் பின்னால் போயிற்று. ஒரு பக்கம் பள்ளம்.  ஹெலெத் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, பலகை இடுக்கு வழியாகக் கைவிளக்கை அடித்தாள்.

"அடிக்குரல்காரங்க எல்லாரும் பின்னால போய் நில்லுங்க. வீல் மேல கனம் வேணும். மேல்குரல்லாம் முன்னால வாங்க. எலிஸ்டன் அண்ணே, நீங்க எந்தக் குரலா இருந்தாலும் பின்னாலதான்."

எலிஸ்டன் பெருத்த உடம்புக்காரர். அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். லாரி உறுமியது, சங்கிலி பனியைக் கடித்தது, மெல்ல மெல்ல மேடேறியது. தேவாலய வாசலில் இறங்கியபோது கொரோன்வி என்னிடம், "இந்தப் புள்ளைக்குக் கை நடுங்கவே இல்ல, பாத்தியா? எனக்குத்தான் இன்னும் நடுங்குது" என்றார்.

உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம். பாதிரியார் ஒரு ஜெபம் சொல்லி, பிளகைன் தொடங்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அங்கே யாரும் யாருக்கும் தலைவர் இல்லை. அறிவிப்பு கிடையாது, வரிசை எழுதி வைப்பது கிடையாது. மனதுக்குத் தோன்றும்போது ஒரு குழு எழுந்து முன்னால் போகும், பாடும், திரும்பி வந்து உட்காரும். யாரும் கைதட்ட மாட்டார்கள். எல்லாரும் ஒரு சுற்று பாடிய பிறகு அதே வரிசையில் இரண்டாவது சுற்று. கட்டாயமான விதி ஒன்றே ஒன்றுதான்: அன்று ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடக்கூடாது.

முதல் சுற்றில் பிரின்கிளாஸ் குழு நன்றாகவே பாடியது. ஹெலெத் தன் நல்ல கோட்டின் அடியில் வைக்கோல் துணுக்கோடு நின்று, குரலைப் பாதிதான் விட்டாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அடியில் ஒரு பாய் விரித்தமாதிரி அடக்கமாகப் பாடினாள். தலைகள் திரும்பின. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓகோ என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

இரண்டாம் சுற்றில் கெவன் சகோதரர்கள் வரிசைப்படி பிரின்கிளாஸுக்கு முந்தி எழுந்தார்கள். எலிஸ்டன் சுருதி எடுத்தார். முதல் வரியைக் கேட்டதும் எனக்கு முன் பெஞ்சில் இருந்த கொரோன்வியின் கழுத்து விறைத்தது. அவர்கள் பாடியது பிரின்கிளாஸ்காரர்கள் வைத்திருந்த இரண்டாவது பாட்டு. மாற்றாகப் பாடக்கூடிய இன்னொன்றை டிலிஸ் அக்காவும் மகள்களும் முன்பே பாடியிருந்தார்கள்.

கெவன்காரர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அடுத்தது பிரின்கிளாஸின் முறை.  முன் பெஞ்சில் கிசுகிசுப்பு.

"பெருசைப் பாடுவோம்" என்றார் மைரிக்.

"வேணாம் மைரிக். இந்த ஒரு தடவ உக்காந்துடுவோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. புள்ளைய எதுக்கு..."

"எந்திரிங்க, சித்தப்பா" என்றாள் ஹெலெத். "உக்காந்தே இருந்தா குளிருது."

மூன்று பேரும் முன்னால் போனார்கள். தோளோடு தோள் சேர, உள்பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்றார்கள். மைரிக் கவையைத் தட்டினார். பிறகு ஹெலெத் தனியாக ஆரம்பித்தாள். இந்த முறை பாதிக் குரல் இல்லை.

என் ஆர்கனில் காலால் மிதிக்கும் மிகப் பெரிய குழாய் ஒன்று உண்டு. அதை மிதித்தால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் பெஞ்சுப் பலகைக்கு வரும். அன்றைக்குப் பலகையில் வைத்திருந்த என் உள்ளங்கைக்குத்தான் ஹெலெத்தின் குரல் முதலில் வந்தது. ஆணின் குரல் மாதிரி இல்லை. பெண்ணின் குரலிலிருந்து நான் எதிர்பார்க்கிற எதுவும் மாதிரியும் இல்லை. முரட்டுத்தனம் கொஞ்சமும் இல்லாமல், அவ்வளவு கீழே, அவ்வளவு திடமாக. ஒரு வரி முழுக்க அவள் மட்டும். பிறகு கொரோன்வி நுழைந்தார், பிறகு மைரிக். மைரிக்குக் கண் மூடியிருந்தது. வேதாகமக் கதையை ஆதி தோட்டத்திலிருந்து வெறுமையான கல்லறை வரைக்கும் எட்டுச் சரணங்களில் பாடவேண்டிய பாட்டு அது. ஐந்தாம் சரணத்தில் அடிக்குரல் ஒரு படி இன்னும் கீழே இறங்க வேண்டும். யெஸ்டினே அந்த இடத்தில் சில ஆண்டு தரை தட்டியிருக்கிறான். அவள் இறங்கினாள், நின்றாள், மூச்சு முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு ஏறி வந்தாள்.

கைதட்டல் இல்லை, அது வழக்கமில்லை. ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு வெகுநேரம் அடுத்த குழு எழுந்திருக்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது. டிலிஸ் அக்கா மட்டும் மகளிடம் ரகசியம் பேசுவதாக நினைத்து, "இவ்வளவு நாளு இத லாரியிலயா வச்சிருந்தா!" என்றார். அது கடைசி பெஞ்சு வரை கேட்டது.

பிளகைன் முடிவில் ஒரு பாட்டு உண்டு. அன்று பாடிய ஆண்கள் எல்லோரும் முன்னால் போய் ஒன்றாக நின்று பாடுவது. ஆண்கள் மட்டும். மைரிக்கும் கொரோன்வியும் எழுந்து போனார்கள், ஹெலெத் பெஞ்சிலேயே இருந்தாள். பத்துப் பேருக்குமேல் நின்றார்கள். எலிஸ்டன் திரும்பிப் பார்த்தார். தேவாலயத்தில் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"ஹெலெத், அடிக்குரல் பக்கம் ஆள் குறையுது. வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? வா."

ஹெலெத் எழுந்து நின்றாள். போவாள் என்று நினைத்தேன்.

"டிலிஸ் அக்கா நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து இங்க பாடறாங்க. அவங்களையும் அவங்க பொண்ணுங்களையும் கூப்பிட்டீங்கன்னா நானும் வரேன், அண்ணே. எனக்கு மட்டும்னா வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் ஆடு எத்தனை என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டிலிஸ் அக்காவின் முகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவந்து போயிற்று.  ஆண்கள் அந்தப் பாட்டை அவர்களே பாடினார்கள். வழக்கமாக இருக்கும் மிடுக்கு அன்று அதில் இல்லை.

பிறகு கூடத்தில் சாப்பாடு. குளிர்ந்த பன்றித்தொடை இறைச்சி, ஊறுகாய் வெங்காயம், திராட்சை போட்ட ரொட்டி, கொதிக்கக் கொதிக்க டீ. எலிஸ்டன் இரண்டு கோப்பையோடு ஹெலெத்திடம் வந்தார்.

"உங்க பாட்டுன்னு தெரியாது, புள்ள. சத்தியமா வேணும்னு பாடல."

"பாடுனது நல்லதாப் போச்சு, அண்ணே. இல்லன்னா சின்னதைப் பாடிட்டுப் போயிருப்பேன்."

"ஒண்ணு கேக்கறேன். அந்த அஞ்சாம் சரணம். எப்படி இறங்குற?"

"லாரியில ரெண்டாவது கியர்ல மேடு ஏறும்போது இன்ஜின் அந்த சுருதியிலதான் நிக்கும். கூடவே நிப்பேன்."

எலிஸ்டன் தலையை ஆட்டினார். அன்று வீடு திரும்பும்போது யாரும் சொல்லாமலே அவர் லாரியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். வேண்டுமென்று அந்தப் பாட்டைப் பாடவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன். கொரோன்வி சாகும்வரை நம்பவில்லை.

அடுத்த ஜனவரியில் கடைசிப் பாட்டுக்கு ஆண்கள் முன்னால் போனார்கள். நடுவில் நின்ற எலிஸ்டன் பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் தம்பிகளும் நகர்ந்தார்கள். நடுவில் நான்கைந்து பேர் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது. யாரும் எதுவும் பாட ஆரம்பிக்காமல் காத்து நின்றார்கள். டிலிஸ் அக்காதான் முதலில் எழுந்தார். "வாங்கடி, டீ ஆறிப்போகும்" என்று மகள்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடைசியாக ஹெலெத் போய் எலிஸ்டன் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் மட்டும் வரிசையிலிருந்து விலகி வெளியே போனார்கள். ஒருவர் அடுத்த ஆண்டே திரும்பினார். இன்னொருவர் வேறு ஊர்த் தேவாலயத்துக்குப் பாடப் போய்விட்டார்.

பள்ளத்தாக்கில் இன்னும் சில தேவாலயங்களில் அந்தக் கடைசிப் பாட்டு ஆண்களுக்கு மட்டும்தான். ஹெலெத் அங்கேயும் போய்த் தன் இரண்டு பாட்டுகளைப் பாடுவாள், கடைசிப் பாட்டுக்குப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். "அது அவங்க வீடு. நம்ம வீட்டுல நம்ம வழக்கம்" என்பாள். அதில் அவளுக்கு எந்த வருத்தமும் நான் பார்த்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்து யெஸ்டின் மனைவியோடும் சின்ன மகளோடும் ஊருக்கு வந்தான். சரியாக ஜனவரிக்கு. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் கொரோன்வி காலமாகியிருந்தார். யெஸ்டின் வருகிறான் என்று தெரிந்ததும் ஊர் முழுக்க ஒரே கேள்விதான். சந்தையில் பெரியவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசினார்கள். அண்ணன் வந்துவிட்டால் தங்கை விட்டுக்கொடுக்க வேண்டாமா என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் பாடிப் பழகும்போது நானும் அந்தச் சமையலறையில் இருந்தேன். யெஸ்டின் வந்ததும் நேராக அடுப்பின் வலது பக்கம், தன் பழைய இடத்தில் போய் நின்றான். ஹெலெத் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தாள். அண்ணனுக்கு எதிரே நின்றாள். லூனெட் அத்தை அழத் தயாராகிவிட்டார்.

மைரிக்குக் காது மந்தமாகியிருந்தது. ஆனாலும் பார்வை கூர்மை. "யெஸ்டின், இடது பக்கம் வா. காலியா இருக்கிறது கொரோன்வி எடம்."

"நடுக்குரலா? எனக்கு அது தெரியாதேப்பா."

"படிச்சுக்கோ. அவளும்தான் படிச்சா."

"அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"ரெண்டாவது கியர்" என்றாள் ஹெலெத்.

யெஸ்டின் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே இடது பக்கம் நகர்ந்தான். பதினோரு நாள் விடாமல் நடுக்குரல் கற்றான். அவன் மனைவி என்னிடம், இந்த மனுஷன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை என்றாள்.

தேவாலயத்தில் அப்பா நடுவிலும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஹெலெத் தனியாகத் தொடங்கினாள். யெஸ்டின் தங்கையின் குரலை அங்கே வைத்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. நுழைய வேண்டிய இடத்தில் நுழைய மறந்து, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டான். மைரிக் முழங்கையால் ஒரு இடி இடித்த பிறகுதான் சேர்ந்தான். தேவாலயம் முழுக்க அதைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் பெஞ்சுகள் குலுங்கின.

சாப்பாட்டுக் கூடத்தில் எலிஸ்டன் விடவில்லை. "என்ன யெஸ்டின், நாக்கை நியூசிலாந்திலேயே விட்டுட்டு வந்துட்டியா?"

"போங்கண்ணே. அங்க எல்லார்கிட்டயும் எங்க வீட்டு அடிக்குரல் நான்தான்னு சொல்லி வச்சிருக்கேன். இனி போய் என்ன சொல்றது?"

"அடிக்குரலோட அண்ணன்னு சொல்லு" என்றாள் ஹெலெத், ரொட்டியை மென்றுகொண்டே.

அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் மகள் எழுதும்போது சொல்கிறாள்.

மைரிக் இப்போது இல்லை. மேல்குரலை டிலிஸ் அக்காவின் இளைய மகள் பாடுகிறாள், நடுக்குரலுக்கு எலிஸ்டனின் கடைசித் தம்பி வந்துவிட்டார். கெவன்காரரிடம் குரல் கேட்க மாட்டேன் என்று மைரிக் சொன்னது உண்மைதான். ஹெலெத்தும் கேட்கவில்லை. அவராகத்தான் வந்தார், வந்தவரை முதல் மாதம் முழுக்க வறுத்தெடுத்தாள். இந்த ஜனவரியிலும் மூன்று பேரும் ஏழு தேவாலயங்களில் பாடினார்கள். எங்கள் ஊரில் பாடியபோது நான் வழக்கம்போல ஆர்கனைப் பூட்டிவிட்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண். ஹெலெத் தொடங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் இவங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க்காரி" என்றேன்.